அரும்பா, மொட்டா, மலரா? பிள்ளையின் மார்க்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்!

"டாக்டரய்யா... இவனுக்கு மூளைக்கு நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க. விலை கூட இருந்தாலும் பரவாயில்ல!"

2022ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். சாயங்கால நேரம். அப்பா, அம்மா, நடுவில் 8 வயதுப் பையன். பையன் மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான்.

"என்னம்மா செய்யுது அவனுக்கு?" என்றேன்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணாங்கிளாஸ் படிக்கான் அய்யா. 'அரும்பு' நிலைன்னு டீச்சர் சொல்லுதாங்க. அப்படின்னா ஒண்ணாங்கிளாஸ் அளவாம்! பக்கத்து வீட்டுப் பிள்ள 'மலர்'ல இருக்கு. இவன் மூளையில ஏதாச்சும் கோளாறு இருக்குமோன்னு இவங்க அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல..."

அப்பா ஒன்றும் பேசவில்லை. பையனின் நோட்டை என் மேஜைமேல் வைத்தார். ஒரு சிவப்பு மைக் கோட்டுக்காக ஒரு குடும்பமே தூக்கத்தைத் தொலைத்திருந்தது. அவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிராக்ரஸ் கார்டு இருக்குமே!

'தேர்வு' என்றால் என்ன?

சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டுபிடிக்கும் முறைக்கு 'எண்வகைத் தேர்வு' என்று பெயர். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்க்க வேண்டும். கல்லூரியில் எங்கள் பேராசிரியர்கள் படித்துப் படித்துச் சொன்ன பாடம் இது. நாடி ஒன்றை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதுகிறவன் அவசரக்காரன்.

கவனித்தீர்களா? இங்கே 'தேர்வு' என்ற சொல்லில் ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. நாக்கு வெளுத்திருக்கிறது என்றால் நோயாளி 'ஃபெயில்' ஆகிவிட்டார் என்றா அர்த்தம்? அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்த நாக்கு சொல்கிறது, அவ்வளவுதான். பிள்ளையின் மார்க்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆறு, ஏழு வயதில் வைக்கிற பரீட்சை அடுத்து எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்வதற்கு இல்லை!

40 எங்கே, 60 எங்கே?

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையும், 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு' என்ற முறையும் 1 முதல் 8 வகுப்பு வரை வந்தன. அந்த முறையில் 100 மார்க்கை இரண்டாகப் பிரித்தார்கள்.

முதல் 40 மார்க் 'வளரறி மதிப்பீடு'. பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே வைக்கிற சின்னச் சின்னச் சோதனைகளும், பிள்ளை செய்து காட்டுகிற செயல்பாடுகளும் இதில் வரும். மீதி 60 மார்க் 'தொகுத்தறி மதிப்பீடு'. அது பருவக் கடைசியில் எழுதுகிற பரீட்சை.

மருத்துவமனைக் கணக்கில் சொன்னால், முதலாவது படுக்கையின் கால்மாட்டில் தொங்குகிற காய்ச்சல் அட்டை. இரண்டாவது வீட்டுக்குப் போகும்போது கையில் தருகிற டிஸ்சார்ஜ் சீட்டு. பெற்றோரில் பல பேர் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள். காய்ச்சல் அட்டையில்தான் விஷயமே இருக்கிறது!

40க்கு 36 வாங்குகிற பிள்ளை 60க்கு 30தான் வாங்குகிறதா? வகுப்பில் செய்யத் தெரிகிறது, பரீட்சைத் தாளில் எழுத வரவில்லை. எழுதும் வேகம் குறைவாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், கேள்வியை வாசிப்பதிலேயே தடுமாற்றம் இருக்கலாம். நேர்மாறாக 40க்கு 20 வாங்கி 60க்கு 54 வாங்குகிறதா? கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்து ஒப்பேற்றுகிறது என்று சந்தேகப்படலாம். மொத்தம் எதுவானாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் தேவை வேறு வேறு.

கிரேடுக்குப் பயப்படாதீர்கள்

மார்க்கை அந்த முறையில் 9 கிரேடுகளாகப் பிரித்தார்கள். 91 முதல் 100 வரை ஏ1. 81 முதல் 90 வரை ஏ2. 71 முதல் 80 வரை பி1. 61 முதல் 70 வரை பி2. 51 முதல் 60 வரை சி1. 41 முதல் 50 வரை சி2. 33 முதல் 40 வரை டி. 21 முதல் 32 வரை இ1. அதற்கும் கீழே இ2. தனியார் பள்ளிகள் பல தங்களுக்கென்று வேறு அளவு வைத்திருக்கும். அதனால் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதை முதலில் வாசியுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. போன பருவம் 81, இந்தப் பருவம் 80. கிரேடு ஏ2விலிருந்து பி1க்கு இறங்கிவிட்டது. வீட்டில் ஒரே ரகளை! உண்மையில் குறைந்தது எவ்வளவு? ஒரே ஒரு மார்க். இன்னொரு பிள்ளை 80லிருந்து 71க்கு வந்துவிட்டது. 9 மார்க் சரிவு. ஆனால் கிரேடு அதே பி1. வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை. கவனிக்க வேண்டிய பிள்ளை இரண்டாவது பிள்ளைதானே?

இன்னொன்று. சொல்வதெழுதுதல் 10 வார்த்தை. 9 சரியாக எழுதினால் 90 சதவீதம், 7 சரியாக எழுதினால் 70 சதவீதம். கேட்க மலையும் மடுவுமாகத் தெரிகிறது. நடுவில் இருப்பது இரண்டே வார்த்தை! அன்றைக்குத் தும்மல் வந்திருந்தால்கூட இரண்டு வார்த்தை தப்பும். ஒரு தடவை பார்த்த ரத்த அழுத்தத்தை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை எழுதலாமா? மூன்று, நாலு சோதனைகளில் ஒரே இடத்தில் சறுக்கினால் மட்டும் கவனியுங்கள்.

அரும்பு என்றால் வாடிய பூவா?

அந்தப் பையனின் கதைக்கு வருவோம். தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கியது. 2023-24ல் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவாக்கினார்கள். தொடங்கும்போது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பு அளவு தெரிந்தால் அரும்பு, இரண்டாம் வகுப்பு அளவு என்றால் மொட்டு, மூன்றாம் வகுப்பு அளவு என்றால் மலர்.

ஏன் அப்படிப் பிரித்தார்கள்? கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடியும் கொஞ்ச நாள் மூடினார்கள்.

நான் அந்த அப்பாவிடம் கேட்டேன்: "தம்பி ஒண்ணாங்கிளாஸ்ல எத்தனை நாள் ஸ்கூலுக்குப் போனான்?"

அவர் யோசித்தார். "ஒரு நாளும் போகல அய்யா."

"ரெண்டாங்கிளாஸ்ல?"

"பாதி வருஷத்துக்கு மேல திறக்கவே இல்லையே..."

"அப்ப அவன் அரும்புல இருக்காம இன்னும் எங்க இருப்பான்?"

அம்மா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா டீச்சராம். வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிலை என்பது நோயின் பெயர் இல்லை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து கை பிடித்து ஏற்றுவதற்கான அடையாளம். அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு மலர்ப் பாடத்தை வீட்டில் வைத்துத் திணிப்பது, கஞ்சி குடிக்க வேண்டியவனுக்குப் பிரியாணி ஊட்டுகிற மாதிரி. உங்கள் பள்ளியில் இப்போது என்ன பெயரில் நிலை சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் எதுவானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "போன தடவைக்கு இந்தத் தடவை நகர்ந்திருக்கிறானா?"

ரேங்கும் பிறந்த மாசமும்

"40 பேரில் 28வது ரேங்க்!" என்று சொல்லும்போது பிள்ளை எவ்வளவு தெரிந்துகொண்டது என்று அதில் இல்லை. வகுப்பே நன்றாகப் படித்தால் 85 மார்க் வாங்கியவனும் 28வதாக வருவான்.

அதோடு வயசையும் பாருங்கள். 5 வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளில் ஒருவனுக்கு 60 மாதம், இன்னொருவனுக்கு 71 மாதம் ஆகியிருக்கும். 11 மாத வித்தியாசம் நமக்கு ஒன்றுமில்லை. 60 மாதமே வாழ்ந்த பிள்ளைக்கு அது ஆயுளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! விரல் பிடிமானம், பேச்சு, ஓரிடத்தில் உட்காரும் பொறுமை எல்லாமே அதற்குத் தக்கபடிதான் இருக்கும். வகுப்பில் வயதில் சின்னப் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

'ஏசர்' என்று ஒரு கணக்கெடுப்பு 2005லிருந்து நடக்கிறது. கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதே மாதிரி எளிமையாக நீங்களும் 10 நிமிஷத்தில் பார்க்கலாம். பரீட்சை மாதிரி இல்லாமல், விளையாட்டு மாதிரி.

வாசிப்பு: முதலில் எழுத்துகள், பிறகு சின்னச் சின்ன வார்த்தைகள், பிறகு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் நாலு வரி, கடைசியாக இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு குட்டிக் கதை. புதிய பக்கமாக இருக்கட்டும், மனப்பாடமான பக்கம் வேண்டாம். தடுமாறுகிற இடம்தான் பிள்ளை நிற்கிற இடம்.

கணக்கு: 1 முதல் 9 வரை எண்ணைக் காட்டிக் கேளுங்கள். பிறகு 11 முதல் 99 வரை. பிறகு கடன் வாங்கிக் கழிக்கிற இரண்டு இலக்கக் கழித்தல். கடைசியாக, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுத்தல்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கார்டில் 75 மார்க் வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கத் திணறினால், அந்த 75ஐ நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆசிரியரிடம் பேசுங்கள்.

நான் செய்த தவறு

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். மார்க் குறைகிறது, சொல்வதெழுதுதலில் பாதி வார்த்தை தப்பு, கூப்பிட்டால் திரும்புவதில்லை, 'கவனமே இல்லை' என்று புகார். நானும் வல்லாரை சேர்ந்த லேகியம் கொடுத்தேன். நாலு மாதம் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் பிள்ளைக்கு அடி விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அவளுடைய ஆச்சி! "இவ இடது பக்கம் படுத்திருந்தா நான் கூப்பிடுறது கேக்கு. வலது பக்கம் படுத்தா கேக்கல" என்றார்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். அடிக்கடி சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கட்டியிருந்தது. வலி இருக்காது, சீழும் வராது, ஆனால் கேட்பது குறையும். அந்தச் சளிக்கு வருடம் முழுக்க மருந்து கொடுத்தவன் நான்தான். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டுத் தேர்வு படித்தவன் ஒரு தேர்வோடு நின்றுவிட்டேன். சிகிச்சைக்குப் பிறகு அவள் வார்த்தைகள் சரியாக வந்தன. ஆனால் அந்த நாலு மாதமும் அவள் வாங்கிய அடியை நான் எந்த மருந்தால் ஆற்றுவேன்?

அன்றிலிருந்து மார்க் குறைந்த பிள்ளையை யார் கூட்டி வந்தாலும் முதலில் இவற்றைத்தான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

கண்: போர்டைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வருகிறதா? டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்காருகிறானா? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா? உடனே கண் பரிசோதனை. கண்ணாடி போட்டதும் மார்க் ஏறிய பிள்ளைகள் எத்தனையோ!

காது: அடிக்கடி "என்னம்மா?" என்று திருப்பிக் கேட்பது, டி.வி. சத்தத்தைக் கூட்டுவது, வாயால் மூச்சு விடுவது, குறட்டை. காதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ரத்தசோகை: கீழ் இமையின் உட்பக்கம் வெளுத்திருக்கிறதா? சீக்கிரம் களைத்துப் போகிறதா? மண், சாக்பீஸ், பச்சரிசி தின்கிறதா? ரத்தம் பரிசோதித்துப் பாருங்கள்.

பூச்சி: குடற்புழு நீக்க மாத்திரையைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கிறார்கள். 'வேண்டாம்' என்று தடுக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். செல்போனோடு 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால் கணக்கு எங்கே ஏறும்?

காலை உணவு: வெறும் டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிவாக்கினார்கள் என்றால் காரணம் இல்லாமலா? பசித்த வயிற்றுக்குப் பாடம் கேட்காது.

எல்லாம் சரி, எழுத்து மட்டும் தங்கவில்லையா?

சில பிள்ளைகள் வாய் ஓயாமல் கதை சொல்வார்கள், கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில் சொல்வார்கள். வாசிக்கச் சொன்னால் மட்டும் முடியாது. கண், காது சரி, பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறான், சொல்லியும் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் முயன்றும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை என்றால் 'டிஸ்லெக்சியா' என்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். சோம்பேறித்தனமும் இல்லை, புத்திக்குறைவும் இல்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் இடம் பெற்றிருக்கிறது. உளவியல் நிபுணரிடம் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் கேளுங்கள். தனிப் பயிற்சியில் நன்றாகவே முன்னேறலாம். அடித்தால் முன்னேற முடியாது!

அப்படியானால் லேகியம்?

வல்லாரை நல்ல கீரை. வாரத்தில் ஒருநாள் துவையலாகக் கொடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பாசிப்பயறு, முட்டை, நெல்லிக்காய் எல்லாம் கொடுங்கள். கீரையோடு எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ கொடுத்தால் அது குறையும்.

ஆனால் எந்த லேகியமும் 'அ, ஆ' சொல்லிக் கொடுக்காது. எந்தச் சூரணமும் வகுத்தல் கணக்குப் போடாது. 'ஞாபகசக்திக்கு' என்று பெயர் தெரியாதவர்கள் விற்கிற பற்பம், செந்தூரங்களைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

'ஃபெயில்' ஆக்கிவிடுவார்களா?

தமிழ்நாட்டில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019ல் அறிவித்தார்கள். எதிர்ப்பு வரவே 2020 பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டார்கள். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் விதி மாறியது. 5, 8 வகுப்புகளில் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைத்து, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம். உங்கள் பிள்ளை அந்தப் பள்ளி என்றால் நாலாம் வகுப்பிலேயே விழித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள், 'எல்லாரும் பாஸ்தானே' என்று கார்டை மூடி வைத்துவிடாதீர்கள். பாஸ் என்பது வேறு, தெரியும் என்பது வேறு.

ஆசிரியரிடம் கேளுங்கள்

'ஏன் சார் மார்க் குறைஞ்சுது?' என்று சண்டைக்குப் போகாமல் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. அவனுக்கு நன்றாகத் தெரிந்தது எது?
2. எந்த இடத்தில் நிற்கிறான்? எழுத்திலா, வார்த்தையிலா, வாக்கியத்திலா?
3. போன பருவத்துக்கு இப்போது நகர்ந்திருக்கிறானா?
4. வகுப்பில் போர்டு தெரிகிறதா, காது கேட்கிறதா?
5. வீட்டில் தினமும் 15 நிமிஷம் என்ன செய்யலாம்?

கார்டில் கையெழுத்துப் போடும்போது பிள்ளை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மார்க்கைப் பார்த்ததும் உங்கள் முகம் என்ன ஆகிறது என்றுதான் அது கவனிக்கிறது. முதலில் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு, "இந்த இடம் கஷ்டமா இருக்கா? சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் அந்த நேரத்தில் வீட்டுக்குள் வரவே கூடாது!

அன்றைக்கு அந்தப் பையனின் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டும் சரியாக இருந்தன. லேகியம் கொடுக்கவில்லை. "டீச்சர் சொல்லிக் கொடுக்கிற அரும்புப் பாடத்தையே வீட்டிலும் வாசிக்க வையுங்கள். அவன் பக்கத்தில் உட்காருங்கள், அது போதும்" என்று மட்டும் சொன்னேன். அப்பா அரை மனதாகத்தான் எழுந்து போனார்.

அடுத்த கோடை லீவில் இருமலுக்காக அவனை மறுபடியும் கூட்டி வந்தார்கள். நான் மருந்து மடித்துக்கொண்டிருந்தேன். அவன் பழையபடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் கேட்டது. "ஆ... டா... தோ... டை. ஆடாதோடை! தா... ளி... சா... தி. தாளிசாதி!" வரிசையாக என் டப்பாக்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தான்.

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் நின்றார்.